வயர்லெஸ் பெட்டியை வீட்டிலேயே திறக்கலாமா? சுங்கை சிப்புட்டிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

சனிக்கிழமை சாயங்காலமானால் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு யாராவது ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். பைக்குள் ஒரு ஹேம் ரேடியோ செட் இருக்கும், லைசென்ஸ் எடுத்துப் பொழுதுபோக்காகப் பேசுகிற வயர்லெஸ் பெட்டி அது. கூடவே "போன வாரம்கூட நல்லாத்தான் பேசிச்சு அண்ணே" என்ற அதே வசனமும் வரும். நான் இஞ்சினியர் இல்லை. தோட்டத்துப் பட்டறையில் வயர்மேனாக இருந்து, அப்புறம் டவுனுக்குக் குடிவந்து, சொந்தச் செட்டைக் கெடுத்துக் கெடுத்தே கற்றுக்கொண்டவன். எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன், இனிமேல் வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வந்தால் தேநீர் ஆறுவதற்குள் பேசி முடித்துவிடலாம்.

லைசென்ஸ் எடுப்பதற்கு முன்பே ஒரு செட் வாங்கிப் பழகலாமா?

முதலில் பரீட்சை. மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் நடத்துகிற அமெச்சூர் ரேடியோ தேர்வை எழுதி, அழைப்புக்குறி கைக்கு வந்த பிறகுதான் பேசும் பட்டனைத் தொட வேண்டும். தீபகற்பத்தில் 9டபிள்யூ2 என்றோ 9எம்2 என்றோ தொடங்குகிற குறி அது. லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்புவது 1998ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டப்படி குற்றம், இதில் சுற்றிவளைக்க ஒன்றுமில்லை. அதுவரை கை சும்மா இருக்காது என்றால் பழைய இரும்புக் கடையில் செத்துப்போன கேசட் ரேடியோ ஒன்றை இரண்டு மூன்று வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கி, அதிலுள்ள உதிரிகளைக் கழற்றிக் கழற்றி மாட்டிப் பழகுங்கள். ஆயிரம் வெள்ளி செட்டில் முதல் ஈயத்தை வைக்காதீர்கள்.

என்னென்ன சாமான் வேண்டும்?

நல்ல டிஜிட்டல் மீட்டர் ஒன்று, சூட்டைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சோல்டரிங் அயர்ன் ஒன்று, 0.8 மில்லிமீட்டர் ஈயக் கம்பி, ஈயத்தை உறிஞ்சுகிற செம்புப் பின்னல், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பழைய பல் துலக்கும் பிரஷ், கைபிடித்த பூதக்கண்ணாடி. அப்புறம் கட்டாயமாக ஒரு எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டரும் (ஆன்டெனாவிலிருந்து பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுவது) 50 ஓம் டம்மி லோடும். டம்மி லோடு என்பது ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டுகிற பெரிய ரெசிஸ்டர்தான். பவர் முழுதும் அதிலேயே சூடாகி அடங்கிவிடும், ஊர் காதில் விழாது. இதை வாங்காமல் ஆன்டெனாவிலேயே "டெஸ்ட், டெஸ்ட்" என்று அரை மணி நேரம் கத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

ஸ்குரு டிரைவரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஜப்பான் செட்டுகளில் இருக்கிற ஸ்குரு தலை பார்க்கச் சாதாரணக் கூட்டல் குறி மாதிரி இருந்தாலும் வடிவம் சற்று வேறு. பசார் மாலாமில் (இரவுச் சந்தை) வாங்கின டிரைவரைப் போட்டுத் திருகினால் தலை மழுங்கிவிடும், அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

செட் நன்றாகக் கேட்கிறது, ஆனால் பேச அழுத்தினால் அணைந்துவிடுகிறது. உள்ளே பெரிய பழுதா?

என்னிடம் வருகிறவற்றில் பாதிக்கு இதுதான் நோய், பெரும்பாலும் செட்டுக்குள் ஒன்றுமே இருக்காது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். லோரி ஓட்டுகிற தம்பி ஒருவர் 100 வாட் எச்.எஃப் (சிற்றலை) செட் ஒன்றைக் கொண்டுவந்து, பவர் டிரான்சிஸ்டர் போய்விட்டது, மாற்றித் தாருங்கள் என்றார், யூடியூபில் பார்த்தாராம். செட்டை நான் திறக்கவே இல்லை. பவர் சப்ளை வாயில் மீட்டரை வைத்தேன், 13.8 வோல்ட். பேச அழுத்தச் சொன்னேன், 13.6. சரி, சப்ளை நல்லது. மீட்டரை செட்டின் பின்பக்கப் பிளக்கில் வைத்து மறுபடி அழுத்தச் சொன்னபோது 10.9க்கு விழுந்து செட் அணைந்தது. நடுவில் கிட்டத்தட்ட மூன்று வோல்ட் எங்கே போனது? வயரை விரலால் தடவிக்கொண்டே வந்தேன், பியூஸ் கூடு வந்ததும் கை சுட்டது. வெள்ளைப் பிளாஸ்டிக் தேயிலைச் சாயம் மாதிரிப் பழுப்பேறி இருந்தது, உள்ளே ஸ்பிரிங் வலுவிழந்து பியூஸ் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. புதுக் கூடு ஐந்து வெள்ளி. அதை மாற்றியதும் செட் பழையபடி பேசியது. தம்பிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், டிரான்சிஸ்டர் மாற்றுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று வந்திருந்தார்.

ஆகவே மூடியைத் திறக்குமுன் மூன்று இடத்தில் அளந்துவிடுங்கள்: சப்ளையில், பியூஸுக்கு அப்பால், செட்டின் பிளக்கில். மூன்றையும் பேச அழுத்திக்கொண்டே அளக்க வேண்டும், சும்மா இருக்கும்போது எல்லா இடத்திலும் 13.8தான் காட்டும்.

எவ்வளவு தடிமனான வயர் போட வேண்டும்?

100 வாட் செட் முழு பவரில் 20 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். மூன்று மீட்டர் தூரம் என்றால் போகவும் வரவும் ஆறு மீட்டர் செம்பு. வீட்டு பிளக் பாயிண்டுக்குப் போடுகிற 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் அந்த ஆறு மீட்டருக்கு ஏறக்குறைய 0.04 ஓம் தடை வரும், 20 ஆம்பியரில் 0.8 வோல்ட் அங்கேயே போச்சு. 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.35 வோல்ட்டுக்குள் அடங்கும். பியூஸ் சிவப்பு, கறுப்பு இரண்டிலுமே இருக்க வேண்டும். பியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டித் தாளைச் சுருட்டி வைக்கிற வைத்தியத்தை இன்னும் சிலர் விடவில்லை, அந்தத் தாள் காப்பாற்றிய செட் ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

மாமா வைத்துவிட்டுப் போன பழைய கென்வுட் டிஎஸ்-520 வீட்டில் இருக்கிறது. பிளக்கை மாட்டிப் பார்க்கலாமா?

மாட்டாதீர்கள்! 1970களில் வந்த செட் அது. கேட்கிற பகுதி டிரான்சிஸ்டர், பவர் பகுதி மட்டும் வால்வு (பழைய காலத்துக் கண்ணாடிக் குழாய்): 12பிஒய்7ஏ ஒன்று, கடைசியில் எஸ்-2001 என்ற, 6146பி இனத்து வால்வு இரண்டு. அந்த வால்வுகளுக்குப் போகிற மின்னழுத்தம் ஏறக்குறைய 800 வோல்ட். அது கையைப் பிடித்தால் மாமாவையே நேரில் பார்த்துவிட்டு வரலாம்.

முதலில் பின்புறம் எந்த வோல்ட்டுக்கு அமைத்திருக்கிறது என்று பாருங்கள், ஜப்பான் உள்ளூருக்குச் செய்தது 100 வோல்ட்டில் இருக்கும், நம் சுவரில் வருவதோ 230. அடுத்து, வருடக்கணக்கில் தூங்கிய எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களை ஒரேயடியாக எழுப்பக் கூடாது. வேரியாக் (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கிற டிரான்ஸ்பார்மர்) இருந்தால் மெல்ல மெல்ல ஏற்றுங்கள். இல்லாவிட்டால் 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக மாட்டி அதன் வழியாக மின்சாரம் கொடுங்கள். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்ல சகுனம், பிரகாசமாகவே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட். குண்டு பல்பு இப்போது கடையில் சுலபமாகக் கிடைப்பதில்லை, சாமி மேடை விளக்கிலோ கோழிக் குஞ்சுக் கூண்டிலோ தேடிப் பாருங்கள்.

வீங்கின, கீழே பிசுபிசுத்த கெப்பாசிட்டர்களை மாற்றுவது எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லாத ஒன்று, டிரைவர் வால்விலிருந்து (அந்த 12பிஒய்7ஏ) கடைசி வால்வுகளின் கிரிட்டுக்கு, அதாவது வால்வைக் கட்டுப்படுத்துகிற காலுக்கு, போகிற சின்னக் கப்ளிங் கெப்பாசிட்டர். வயதாகி அது லேசாகக் கசிந்தாலும் கிரிட்டுக்கு பாசிட்டிவ் வோல்ட் ஏறி, வால்வின் தகடு செக்கச்செவேலென்று பழுத்துவிடும், அந்த வால்வுகளுக்கு இன்றைக்கு நல்ல விலை. ஒரு வெள்ளி விலையுள்ள அந்தக் கெப்பாசிட்டரை முதலில் மாற்றிவிடுங்கள், ஆயிரம் வோல்ட் தாங்குகிறதாக வாங்குங்கள்.

உள்ளே கை வைக்குமுன் பிளக்கைப் பிடுங்கி, சில நிமிடம் விட்டு, 10 கிலோ ஓம் 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேட் செய்த கம்பியோடு சேர்த்து உயர் மின்னழுத்தக் கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை இறக்கி, அதன் பிறகு மீட்டரில் சுழியம் வந்ததைக் கண்ணால் பாருங்கள். ஒரு கை காற்சட்டைப் பையில் இருக்கட்டும். வீட்டில் வேறு யாராவது விழித்திருக்கும்போது மட்டும் இந்த வேலையைச் செய்யுங்கள். இதையெல்லாம் படிக்கும்போதே பயமாக இருந்தால் செட்டை ஷெல்பில் அழகுக்கு வைத்துவிடலாம், வெட்கமே இல்லை.

எல்லா அலைவரிசையிலும் பேசுகிற மாதிரி "திறந்து" தருவீர்களா?

மாட்டேன். ஒரு டையோடையோ சின்ன ரெசிஸ்டரையோ எடுத்தால் பல செட்டுகள் பேண்டுக்கு (நமக்கு ஒதுக்கிய அலைவரிசைப் பகுதி) வெளியேயும் ஒலிபரப்பத் தொடங்கும், எல்லாருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் நமக்குக் கொடுத்திருக்கிற 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே, 118 முதல் 137 வரை, விமானங்கள் பேசுகின்றன. சுற்றியுள்ள மற்ற இடங்களில் தோட்டத்துக் காவலர், ஆம்புலன்ஸ், போலீஸ் என்று யாராவது இருப்பார்கள். கை தவறி ஒரு நம்பர் மாறினால் நீங்கள் யார் தலைமேல் பேசுகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. தொழில்நுட்பமாகவும் இதில் லாபமில்லை. செட்டின் பில்டரும் பவர் பகுதியும் பேண்டுக்குள் ஒழுங்காக வேலை செய்யத்தான் அமைத்தவை, வெளியே போனால் பவர் குறையும், குப்பை அலைகள் கூடும், டிரான்சிஸ்டர் சுடும்.

50 வாட்டை 75 வாட் ஆக்கலாமா?

உள்ளே ஒரு திருகைத் திருகினால் கூடும். கேட்கிறவருக்கு 1.8 டெசிபல் வித்தியாசம், வருகிற அலையின் பலத்தைக் காட்டுகிற எஸ்-மீட்டரில் ஒரு கோடு நகர வேண்டுமென்றால் 6 டெசிபல் வேண்டும். காதில் தெரியாத லாபத்துக்கு டிரான்சிஸ்டரின் ஆயுளைக் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் எந்த மாற்றம்தான் செய்யத் தகுந்தது?

இருக்கிறதே. எனக்குப் பிடித்தது கணினி இணைப்பு. எஃப்டி8 மாதிரி டிஜிட்டல் முறைகளுக்குச் செட்டின் ஒலியைக் கணினிக்கும், கணினியின் ஒலியைச் செட்டுக்கும் கொண்டுபோக வேண்டும். நேராக வயர் போட்டால் ஹம்மென்று ஒரு இரைச்சல் கூடவே வரும். 600 ஓம் 1:1 ஒலி டிரான்ஸ்பார்மர் இரண்டு, பேச அழுத்துவதற்கு ஒரு ஆப்டோகப்ளர் (ஒளி வழியாகச் சுவிட்ச் போடுகிற உதிரி), எல்லாம் ஒரு மிட்டாய் டின்னுக்குள் அடங்கும், செட்டைத் திறக்கவே வேண்டாம். ஆனால் எஃப்டி8 பதினைந்து விநாடிக்கு ஒரு முறை மாறி மாறி முழு பவரில் இடைவிடாமல் அனுப்பும், மனிதன் பேசுகிற மாதிரி மூச்சு விடாது. 100 வாட் செட்டை 30, 40க்குக் குறைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, அதுவே அதிகம்.

அடுத்தது விசிறி. பழைய செட்டுகளின் விசிறி எண்ணெய் வற்றிக் கரகரக்கும், அதே அளவில் புதுசு போட்டு, ஹீட்சிங்கின் காய்ந்துபோன வெள்ளைப் பசையைத் துடைத்து மெல்லிசாகப் புதுப் பசை தடவினாலே செட் பத்து வயது குறைந்த மாதிரி ஆகிவிடும். பசையை ரொட்டியில் வெண்ணெய் பூசுகிற மாதிரி அப்பாதீர்கள்.

விட்டு விட்டுக் கேட்கிறது, தட்டினால் சரியாகிறது. ஏன்?

தட்டினால் சரியாகிற நோய்க்கு மூன்று காரணம் அடிக்கடி. அழுக்கேறிய ரிலே, அழுக்கேறிய சுவிட்ச், விரிசல் விட்ட ஈயம். மூன்றாவதைக் காணத்தான் பூதக்கண்ணாடி. ஆன்டெனா சாக்கெட்டின் உட்புறக் காலைப் பாருங்கள். நல்ல ஈயம் அந்தக் காலைச் சுற்றிச் சரிவாக ஏறிப் பளபளக்கும். கெட்டதில் காலைச் சுற்றி முடி அளவுக்குக் கறுப்பு வளையம் ஒன்று தெரியும், செருகிச் செருகிக் கழற்றிய ஆட்டத்தில் வந்த விரிசல். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, பிளக்ஸ் (ஈயம் பிடிக்க உதவுகிற பசை) தடவி, 350 டிகிரியில் புதுசாக வையுங்கள். மேலேயே இன்னொரு சொட்டு விட்டால் ஒரு மாதம் தாங்கும், மறுபடி நீங்கள்தான் திறக்கணும்.

சுவிட்சுகளுக்குக் காண்டாக்ட் கிளீனர் ஒரே ஒரு சொட்டு. டபிள்யூடி-40 வேண்டாம், அது விட்டுப்போகிற எண்ணெயில் தூசு ஒட்டி ஆறு மாதத்தில் முன்பைவிட மோசமாகும்.

கென்வுட் டிஎஸ்-440 திரையில் நம்பருக்குப் பதில் வெறும் புள்ளிகள் வருகின்றனவே?

அந்த மாடலின் பிரபலமான நோய் அது. அலைவரிசையை உண்டாக்குகிற ஆஸிலேட்டர் பகுதியை ஆடாமல் வைக்க ஊற்றிய பசை காலப்போக்கில் மின்சாரம் கடத்த ஆரம்பித்துவிடும், அலைவரிசை ஒரு இடத்தில் பூட்டி நிற்காமல் திரை புள்ளி புள்ளியாகக் காட்டும். பசையைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்து, கெட்ட உதிரிகளை மாற்றினால் திரும்பிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும்.

இதேபோல ஐகாம் ஐசி-751, ஐசி-745 வைத்திருப்பவர்கள் உள்ளே நினைவகப் பலகையில் இருக்கிற லித்தியம் பேட்டரியைக் கவனியுங்கள். அது செத்தால் செட் இயங்கத் தேவையான நிரலே மறைந்துவிடும், வெறும் கடிகாரம் நின்ற கதை இல்லை. மாற்றும்போது வோல்ட் அறுந்துவிடாமல் வெளியிலிருந்து 3 வோல்ட் கொடுத்துக்கொண்டே மாற்ற வேண்டும். அதுவும் பேட்டரியில் இயங்குகிற, அல்லது பிளக்கிலிருந்து கழற்றிய சோல்டரிங் அயர்னால்.

அலைவரிசை கொஞ்சம் தள்ளிப்போயிருக்கிறது என்கிறார்கள். கருவி இல்லாமல் சரிசெய்ய முடியுமா?

முடியும், கருவி சீனாவில் இருக்கிறது, காசு கேட்காது. பி.பி.எம் என்ற நேர நிலையம் 10 மெகாஹெர்ட்ஸில் துல்லியமாக அனுப்பிக்கொண்டே இருக்கிறது, பொழுது சாய்ந்ததும் இங்கே நன்றாக விழும். செட்டை அரை மணி நேரம் சூடேற விடுங்கள். அப்புறம் யூ.எஸ்.பி முறையில் (கணினி யூ.எஸ்.பி இல்லை, அப்பர் சைட்பேண்ட்) 9.999.00 மெகாஹெர்ட்ஸுக்கு வைத்தால் விசில் மாதிரி ஒரு தொனி கேட்கும், சரியான செட்டில் அது 1000 ஹெர்ட்ஸ். போனில் தொனி அளக்கிற செயலி ஒன்றைத் திறந்து ஸ்பீக்கர் பக்கம் காட்டுங்கள். 1035 என்று வந்தால் செட் 35 ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கிறது. சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன டிரிம்மரை (நுணுக்கமாகச் சரிசெய்கிற சின்னத் திருகு) மட்டும், பிளாஸ்டிக் டிரைவரால், எறும்பு நகர்கிற அளவுக்குத் திருப்புங்கள். பக்கத்தில் இருக்கிற திருகுகளைத் தொட்டுப் பார்க்கிற ஆசை வரும். தொட்டவர்கள்தான் சனிக்கிழமை என் வீட்டுக்கு வருகிறவர்கள்.

ஈரமும் பூச்சியும்?

மழைக்காலத்தில் சுவரே வியர்க்கிற ஊர் இது. செட்டை வாரத்துக்கு இரண்டு முறையாவது ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள், உள்சூடே ஈரத்தை விரட்டும். மாதக்கணக்கில் மூடி வைப்பதானால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு. அரிசி மூட்டைக்குள் வைக்கிற யோசனையை விட்டுவிடுங்கள், அரிசி மாவுதான் உள்ளே போகும்.

பல்லி வேறு விவகாரம். சுவிட்ச் முறைப் பவர் சப்ளைக்குள் 230 வோல்ட் ஏசியை டிசியாக மாற்றினதும் 325 வோல்ட் ஆகிறது, அந்தச் சூடான இடம் பல்லிக்கு ரொம்பப் பிடிக்கும். போன வருடம் திறந்த ஒன்றில் வால் ஒரு பக்கமும் தலை இன்னொரு பக்கமுமாகக் கருகிக் கிடந்தது, சப்ளையும் கூடவே போய்விட்டது. காற்றுத் துளைகளுக்கு உள்பக்கமாகக் கொசுவலை கம்பி ஒட்டுங்கள், மாதம் ஒருமுறை தூசு தட்டினால் காற்று தடைப்படாது.

இடி?

மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்தால் ஆன்டெனா வயரைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போடுங்கள், பவர் பிளக்கையும் பிடுங்குங்கள். ஏப்ரல் மேயிலும் அக்டோபர் நவம்பரிலும் இதைத் தினமும் செய்ய வேண்டியிருக்கும். செட்டுக்குப் பின்னால் சும்மா கழற்றிப் போட்ட வயரும் மேசைமேல் கிடந்தால் பொறி தாவும். இடி ஆரம்பித்துவிட்டதா, தொடவே தொடாதீர்கள், செட் போனால் போகட்டும்.

செட்டில் பழுதே இல்லை, ஆனாலும் யாருக்கும் கேட்கவில்லை?

கேபிளைப் பாருங்கள். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 145 மெகாஹெர்ட்ஸில் 20 மீட்டருக்கு 4 டெசிபல் அளவுக்குத் தின்றுவிடும், அதாவது 50 வாட் விட்டால் கூரைக்குப் போய்ச் சேருவது 20. தடித்த ஆர்ஜி-213 போட்டால் இழப்பு பாதிக்கும் கீழே. அதுவும் இணைப்பின் வாயில் தண்ணீர் இறங்கியிருந்தால் கணக்கே வேறு: வெட்டிப் பாருங்கள், பின்னல் செம்பு நிறத்தில் இருக்க வேண்டும், கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் அந்தக் கேபிள் துணி காயப்போடத்தான்.

40 மீட்டர் பேண்டுக்கு டைபோல் (இரு பக்கமும் கம்பி நீட்டிய ஆன்டெனா) கட்டுகிறவர்களுக்கு ஒன்று. பக்கத்துக்குப் பத்து மீட்டர் கம்பி வேண்டும், வீட்டு வாசலில் இடம் இல்லை என்று செம்பனைக்குள் இழுத்துக் கட்டுகிறார்கள். குலை வெட்டுகிறவர்கள் தூக்கிப் பிடிக்கிற நீண்ட அலுமினியக் கம்பு உங்கள் கம்பியில் பட்டால் என்ன ஆகும்? தோட்டத்தில் அனுமதி கேளுங்கள், வெட்டு நடக்கிற பக்கம் கட்டாதீர்கள், மின்கம்பிக்குக் கிட்டே போகவே போகாதீர்கள்.

பவர் டிரான்சிஸ்டர் எங்கே வாங்குவது?

சாதாரண உதிரிகளுக்கு ஈப்போ போதும், அபூர்வமானவற்றுக்குக் கோலாலம்பூர் ஜாலான் பசார் பக்கம் ஒரு நாள் நடக்க வேண்டும். இணையத்தில் மலிவாக வருகிற 2எஸ்சி2879, ஆர்டி16எச்எச்எஃப்1 இரண்டிலும் போலிகள் நிறைய. மேல் எழுத்தைச் சுரண்டி வேறு எழுத்து அச்சிட்டிருப்பார்கள். ஆல்கஹால் நனைத்த பஞ்சால் தேய்த்துப் பாருங்கள், எழுத்து கையோடு வந்தால் காசும் போச்சு.

எப்போது கைவிட வேண்டும்?

இரண்டு மணி நேரம் அளந்தும் ஒரு முடிவும் கிடைக்காமல், "இதையும் மாற்றிப் பார்ப்போமே" என்ற யோசனை வந்தால் மூடியைப் போட்டுவிட்டுக் காப்பிக்கடைக்குப் போங்கள். கழற்றிய ஸ்குருக்களை முட்டைத் தட்டில் வரிசையாகப் போட்டு, எது எந்த இடம் என்று போனில் படமெடுத்து வைத்திருந்தால் மறுநாள் தொடரலாம். படமெடுக்க மறந்துவிட்டால் அப்படியே பையில் போட்டுச் சனிக்கிழமை எடுத்துவாருங்கள், ஸ்குருக்களையும் சேர்த்து.